நாளைய ஆசிரியரும் வகுப்பறைச் சமத்துவமும்

(ஆசிரியர் பயிற்சி மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் கல்வி உளவியல் பயில்கிறார். பாடக்குறிப்பு எழுதும் முறையைக் கற்கிறார். கரும்பலகையைப் பயன்படுத்துவது எப்படி, வினாக்களை அமைப்பது எப்படி என்பனவற்றை அறிந்துகொள்கிறார். இவையனைத்தும் தேவையே. ஆயினும் பயிற்சி முடித்து அவர் முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழையும்போது, பயிற்சி நூல்கள் அதிகம் பேசாத ஒன்று அவருக்கு முன்பே அங்கு வந்து அமர்ந்திருக்கும். சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வே அது. நிலவுடைமையாளரின் மகனும், அதே நிலத்தில் நாற்று நடும் கூலிப் பெண்ணின் மகளும் அந்த அறையில் இருப்பார்கள். வீட்டில் நூல்களோடு வளர்ந்த பிள்ளையும், குடும்பத்திலேயே முதன்முதலாக எழுத்தைக் காணும் பிள்ளையும் ஒரே பாடத்திற்காகக் காத்திருப்பார்கள். இந்த ஏற்றத்தாழ்வை ஆசிரியர் கூட்டப் போகிறாரா, குறைக்கப் போகிறாரா, கண்டும் காணாதிருக்கப் போகிறாரா என்பது அவருடைய தொழில்திறன் சார்ந்த வினா. நாட்டின் வளர்ச்சி சார்ந்த வினாவும் ஆகும்.

நாடு கடந்து வந்த தொலைவு

1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 18 சதவிகிதத்தினர் மட்டுமே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது 73 சதவிகிதமாக உயர்ந்தது. அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த உயர்வு சாதாரணமானதன்று. ஆனால் சராசரி என்பது பல உண்மைகளை மூடி மறைக்க வல்லது. அதே 2011-ஆம் ஆண்டில் ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 81 சதவிகிதமாகவும், பெண்களின் எழுத்தறிவு 65 சதவிகிதமாகவும் இருந்தன. தாழ்த்தப்பட்ட வகுப்பினரிடையே அது 66 சதவிகிதம்; பழங்குடியினரிடையே 59 சதவிகிதம். கல்வி பரவியிருக்கிறது, ஆனால் எல்லோரிடமும் ஒரே அளவில் சென்று சேரவில்லை என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

அரசியலமைப்புச் சட்டம் 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க 10 ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்று அதன் 45-ஆம் பிரிவு வழிகாட்டியது. அந்த வழிகாட்டுதல் குழந்தையின் உரிமையாக மாற அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டமும் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குப் பள்ளி இப்பொழுது ஒரு சலுகையன்று; சட்டப்படியான உரிமை. அவ்வுரிமை வகுப்பறை வாயிலோடு நின்றுவிடுகிறதா, உள்ளேயும் தொடர்கிறதா என்பது பெரிதும் ஆசிரியரைப் பொறுத்தது.

பள்ளிகளுக்கிடையே உள்ள படிநிலை

பேராசிரியர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழு, இந்தச் சிக்கலைத் தெளிவாகவே கண்டறிந்தது. வசதி படைத்தோரின் பிள்ளைகள் ஒரு வகைப் பள்ளிக்கும், வசதியற்றோரின் பிள்ளைகள் வேறு வகைப் பள்ளிக்கும் செல்லும் நிலை நீடித்தால், கல்வியே சமுதாயப் பிளவை ஆழப்படுத்தும் கருவியாகிவிடும் என்று அது கருதியது. பொதுப்பள்ளி முறை வேண்டும், ஒரு பகுதியில் வாழும் எல்லாக் குழந்தைகளும் அப்பகுதிப் பள்ளியிலேயே பயில வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். தேசிய வருவாயில் 6 சதவிகிதம் கல்விக்குச் செலவிடப்பட வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளின் தேசியக் கல்விக் கொள்கைகள் மூன்றும் இந்த 6 சதவிகித இலக்கைக் குறிப்பிட்டுள்ளன. இலக்கோ இன்னும் எட்டப்படவில்லை.

பொதுப்பள்ளி முறையும் ஏட்டளவில் நின்றது. நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இன்று கட்டணத்தின் அளவுக்கேற்பப் பள்ளிகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிவுற்ற பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு விதித்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசின் உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் அது விலக்களித்தது. இந்த ஒதுக்கீடு சில கதவுகளைத் திறந்திருக்கிறது; ஆனால் படிநிலையை அகற்றிவிடவில்லை.

இந்தப் பெரிய அமைப்பை ஓர் ஆசிரியர் தனியாக மாற்றிவிட முடியாது. அதை மாற்றுவது அரசும் மக்களும் ஏற்க வேண்டிய பொறுப்பு. ஆனால் பள்ளிகளுக்கிடையே நிலவும் ஏற்றத்தாழ்வுக்கு அப்பால், ஒரே வகுப்பறைக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வு ஒன்றும் உண்டு. அது ஆசிரியரின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. பல வேளைகளில் ஆசிரியரின் கையாலேயே, அவர் அறியாமலேயே உருவாகிறது.

வகுப்பறைக்குள் நிகழ்வது

டாக்டர் அம்பேத்கர் சதாராவில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, மற்ற மாணவரிடமிருந்து விலகி, தாமே கொண்டுவந்த சாக்குத் துணியின்மீது அமர வேண்டியிருந்தது. பள்ளியில் குழாய் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் பள்ளியின் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் அவர் தாகம் தீர்த்துக்கொள்ள முடியும். சேவகர் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவர் பின்னாளில் அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு அச்சட்டத்தில் இடம்பெற்றது.

சட்டம் சாக்குத் துணியை அகற்றியது. ஆயினும் வேற்றுமை வேறு வடிவங்களில் ஒளிந்துகொள்ளக் கூடும். யார் முன்வரிசையில் அமர்கிறார்கள், யார் சுவரோரம் ஒதுங்குகிறார்கள்? வகுப்புத் தலைவராக ஆண்டுதோறும் யார் நியமிக்கப்படுகிறார்கள்? துடைப்பம் யார் கைக்குப் போகிறது? ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி யாரிடம் சொல்லப்படுகிறது, யாரிடம் சொல்லப்படுவதேயில்லை? இவை எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் தம் இடம் எது என்பதைப் பிள்ளைகள் இவற்றிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். கணக்குப் பாடத்தை மறந்துபோகும் பிள்ளைகூட இந்தப் பாடத்தை மறப்பதில்லை.

துடைப்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிற்குப் பின் உருவான காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம், கையால் செய்யும் உழைப்பைக் கல்வியின் நடுவில் வைத்தது. எல்லோரும், ஆசிரியர் உட்பட, முறைவைத்துப் பள்ளியைத் தூய்மை செய்தால், உழைப்பில் இழிவில்லை என்ற பாடம் அங்கே நடக்கிறது. குறிப்பிட்ட சில பிள்ளைகள் மட்டுமே அதைச் செய்தால், அதே துடைப்பம் சாதியைக் கற்பிக்கிறது. கருவி ஒன்றே, ஒழுங்குமுறைதான் வேறு. அந்த ஒழுங்குமுறையை வகுப்பவர் ஆசிரியர்.

வினா எழுப்பும் வேளையிலும் இவ்வாறே நிகழ்கிறது. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே குறிப்பிடத்தக்கவை. ஆசிரியர்கள் ஒரு வினாவைக் கேட்டபின் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டார். கெட்டிக்காரர் என்று தாம் கருதும் மாணவருக்கு அதிக நேரமும், மந்தமானவர் என்று கருதும் மாணவருக்குக் குறைந்த நேரமும் அவர்கள் கொடுத்தனர் என்பதும் தெரிய வந்தது. யாருக்குக் கூடுதல் நேரம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைத்தது. காத்திருக்கும் நேரத்தை மூன்று விநாடி அளவிற்கு உயர்த்தியபோது விடைகள் நீண்டன. அதுவரை பேசாதிருந்தோரும் பேசினர். இந்த மாற்றத்திற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை, அரசாணையும் வேண்டியதில்லை.

மொழியும் ஒரு சுவராக நிற்கக் கூடும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10,000 பேருக்கு மேல் தாய்மொழியாகப் பேசும் மொழிகள் இந்நாட்டில் 121 உள்ளன. கோண்டியோ சந்தாலியோ பேசும் குழந்தை பள்ளிக்கு வந்த முதல் நாளிலேயே தனக்குப் புரியாத மொழியில் பாடம் கேட்க நேரிடுகிறது. அக்குழந்தை வாய் திறவாதிருப்பதை அறிவுக் குறைவு என்று ஆசிரியர் தீர்மானித்துவிட்டால், பிழை குழந்தையுடையதன்று. ஒடிசா மாநிலம் 2007-ஆம் ஆண்டில் பழங்குடி மொழிகள் பத்தில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்தது இந்தச் சுவரை உடைக்கும் முயற்சியே. அத்தகைய திட்டம் இல்லாத இடத்திலும், குழந்தையின் மொழியில் நூறு சொற்களைக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியரைத் தடுப்பவர் எவருமில்லை.

ஆய்ந்து வினவும் கல்வி

வகுப்பறையின் பழக்கங்களைச் சீர்செய்வது முதற்படி. அதற்கடுத்த படி, மாணவரே தம் சூழலை ஆய்ந்து நோக்கி, "இது ஏன் இவ்வாறு இருக்கிறது?" என்று வினவப் பழகுவதாகும். கல்வியாளர்கள் இதனை விமரிசன நோக்குக் கல்வி என்கின்றனர். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பேராசிரியர் யஷ்பாலைத் தலைவராகக் கொண்ட வழிகாட்டுக் குழுவின் துணையோடு உருவானது. அது இந்நோக்கினை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேயிரே இந்தச் சிந்தனையோடு பெரிதும் இணைத்துப் பேசப்படுபவர். 1963-ஆம் ஆண்டு ஆஞ்சிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு அவர் எழுத்தறிவு புகட்டினார். அவர்களுடைய அன்றாட உழைப்பிலிருந்தும் வாழ்விலிருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுத்து, அச்சொற்களைப் படிக்கும்போதே அவை சுட்டும் வாழ்க்கையையும் விவாதிக்கச் செய்தார். மறு ஆண்டே அந்நாட்டில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. அவர் சிறைப்பட்டுப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வங்கிக் கணக்கில் பணம் போடுவதுபோல மாணவர் மூளையில் செய்திகளைப் போட்டு நிரப்புவது கல்வியாகாது என்பது அவருடைய கருத்தின் சாரம்.

ஆனால் இச்சிந்தனை இந்நாட்டிற்கு வெளியிலிருந்து வந்ததென்று எண்ணுவது பொருந்தாது. பூனாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1848-ஆம் ஆண்டில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். பின்னர் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினர். அப்பள்ளியில் பயின்ற, மாங் வகுப்பைச் சேர்ந்த முக்தா சால்வே என்னும் மாணவி, மாங், மகார் வகுப்பினர் படும் துயரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1855-ஆம் ஆண்டில் அது 'ஞானோதய' என்ற மராத்தி இதழில் அச்சாயிற்று. கற்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் வழங்கிய சமய ஏற்பாட்டை அவர் அதில் கேள்விக்கு உள்ளாக்கினார். கூரையற்ற இடத்தில் பிள்ளை பெறும் தம் வகுப்புப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். எழுதக் கற்ற சில ஆண்டுகளிலேயே, ஏற்றத்தாழ்வை எழுத்தில் எடுத்துவைத்துக் காரணம் கேட்டார் அந்த மாணவி. ஆய்ந்து வினவும் கல்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1882-ஆம் ஆண்டில் ஹண்டர் குழுவின்முன் ஜோதிராவ் பூலே அளித்த மனுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. உழவர் உழைப்பிலிருந்து திரட்டப்படும் வரிப்பணம் உயர் வகுப்பினரின் கல்விக்குச் செலவாவதேன் என்று அவர் அதில் வினவினார்.

ஹோஷங்காபாத் காட்டிய வழி

அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு, இவ்வகைக் கல்வியை நடத்த இயலுமா என்ற ஐயம் எழலாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் (2022 முதல் இதன் பெயர் நர்மதாபுரம்) இதற்கு ஒரு விடையைத் தந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டில் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தன்னார்வ நிறுவனங்கள் இதனை மேற்கொண்டன. டெல்லிப் பல்கலைக்கழகம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த அறிவியலாளர்கள் துணைநின்றனர்.

இத்திட்டத்தின் கீழ்ப் பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, எளிய கருவிகளைக் கொண்டு தாமே சோதனை செய்தனர், கண்டதை எழுதினர், முடிவுகள் மாறுபட்டால் காரணத்தை விவாதித்தனர். நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வும், செய்முறைத் தேர்வும் நடத்தப்பட்டன. மனப்பாடத்தின் ஆட்சி இவற்றால் தளர்ந்தது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சியும், மாதந்தோறும் கூடிப் பேசும் வாய்ப்பும் கிடைத்தன. 1978-இல் இத்திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் இதற்கெனவே ஏகலைவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது. பின்னர் அது சமூக அறிவியல் பாடங்களையும் இதே நோக்கில் சில பள்ளிகளில் நடத்திப் பார்த்தது. முப்பதாண்டுகள் நடைபெற்றபின், 2002-ஆம் ஆண்டில் மாநில அரசு இத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது.

நாளைய ஆசிரியர் இதிலிருந்து இரு படிப்பினைகளைப் பெறலாம். அறிவு நூலிலிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் மட்டுமே வரும் என்ற எண்ணம் நீங்கி, சான்றைக் கொண்டு எவரும் எதையும் சோதிக்கலாம் என்ற நம்பிக்கை பிறக்கும்போது, ஏழைப் பிள்ளையின் குரலுக்கும் செல்வர் பிள்ளையின் குரலுக்கும் சம மதிப்பு ஏற்படுகிறது என்பது முதலாவது. சோதனைக் குழாய் சாதி பார்ப்பதில்லை. இத்தகைய முயற்சி ஆசிரியர் ஒருவரின் உற்சாகத்தால் மட்டும் நிலைக்காது. தேர்வு முறை, பயிற்சி, அதிகாரிகளின் ஆதரவு, பெற்றோரின் புரிதல் ஆகியன ஒன்றுசேர வேண்டும் என்பது இரண்டாவது.

பாடவேளையில் செய்யத்தக்கவை

ஆய்ந்து வினவும் கல்விக்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. இருக்கின்ற பாடத்திலேயே அதற்கு இடமுண்டு. ஐந்தாம் வகுப்பில் சதவிகிதம் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, பள்ளி வருகைப் பதிவேட்டின் எண்களை மட்டும் மாதவாரியாகக் கரும்பலகையில் எழுதலாம். எந்த மாதத்தில் வருகை மிகவும் குறைகிறது என்று மாணவர் கணக்கிடுவார்கள். நடவு, அறுவடை மாதங்களில் குறைகிறதென்றால், ஏன் என்ற வினா தானே எழும். சிறுமியரின் வருகையும் சிறுவரின் வருகையும் வேறுபட்டால், அதுவும் கணக்கிலேயே வெளிப்படும். சதவிகிதமும் கற்றாயிற்று; ஊரின் உழைப்பு யார் தோளில் விழுகிறது என்பதும் தெரிந்தாயிற்று.

புவியியல் பாடத்தில் ஊரின் வரைபடம் வரையும்போது, கிணறுகள், கைப்பம்புகள், தெருவிளக்குகள், கற்பாவிய சாலைகள் ஆகியவற்றைக் குறிக்கச் செய்யலாம். வரைபடம் நிறைவுற்றதும், எந்தத் தெருவில் எவை உள்ளன, எவை இல்லை என்பது பார்த்த அளவில் விளங்கும். குடிமையியல் பாடத்தில் ஊராட்சி மன்றத்தின் கடமைகளைப் படித்தபின், அவற்றுள் தம் ஊரில் நடைபெறுவன எவை என்று பட்டியலிடலாம். மொழிப்பாடத்தில், பாடநூலின் படங்களில் சமைப்பவர் யார், ஏர் ஓட்டுபவர் யார், மேசையின்முன் அமர்ந்து ஆணையிடுபவர் யார் என்று எண்ணிப் பார்க்கலாம். குறைகளை நீக்கக் கோரி உரிய அலுவலருக்கு மனு எழுதுவது நல்ல கடிதப் பயிற்சியாகும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை அவசியம். ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில், ஏழைப் பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கிவிடும் ஆபத்து உண்டு. "யார் வீட்டில் கழிப்பறை இல்லை? கை தூக்குங்கள்" என்று கேட்கும் ஆசிரியர், நல்லெண்ணத்தோடு கேட்டாலும், ஒரு குழந்தையை நாற்பது பேர் முன்னிலையில் தலைகுனியச் செய்கிறார். உதவித்தொகை பெறுவோரின் பெயரையும் சாதியையும் வகுப்பில் உரக்கப் படிப்பதும் இதைப் போன்றதே. ஆராயப்பட வேண்டியது குழந்தையன்று, அமைப்பு. ஊரின் குழாய்களை எண்ணலாம். குழந்தையின் கிழிந்த சட்டையை எண்ணக் கூடாது. இந்த வேறுபாட்டை உணராத விமரிசனம், தான் எதிர்ப்பதாகச் சொல்லும் இழிவையே மீண்டும் விளைவிக்கும்.

எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்துக்குச் சில மறுப்புகள் எழுவது இயல்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளைக்கு விமரிசன நோக்கு எதற்கு என்பது ஒன்று. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு இடைவேளைக்குப் பின்னால் தனிப்பயிற்சி அளிக்க வீட்டில் ஆளில்லை. பள்ளியில் படிக்கக் கற்காவிட்டால் அதற்கு வேறிடம் இல்லை. ஆகவே நன்றாகப் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் கற்பிப்பதே ஏற்றத்தாழ்வுக்கு எதிரான முதற்பணி. அதைக் கைவிட்டுச் சமத்துவம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றும் ஆசிரியர், அந்தப் பிள்ளைக்குத் துரோகம் செய்தவராவார். ஆனால் இரண்டும் எதிரெதிரானவை அல்ல. முக்தா சால்வே முதலில் எழுதக் கற்றார். எழுதுவதற்கு உயிரான பொருள் ஒன்றும் அவருக்கு இருந்தது. தன் வாழ்வோடு தொடர்புள்ளதைப் படிக்கும் பிள்ளை விரைந்து படிக்கிறது.

ஆசிரியர் அரசியல் பேசலாமா என்பது மற்றொரு மறுப்பு. கட்சிச் சார்பான பரப்புரைக்கு வகுப்பறையில் இடமில்லை. மாணவருக்கு முடிவுகளை ஊட்டுவதும் விமரிசனக் கல்வியன்று. அதுவும் ஒருவகை மனப்பாடமே. சான்றைத் தேடவும், எதிர்க்கருத்தைக் கேட்கவும், ஆசிரியரின் கருத்தையே வினவவும் மாணவர் பழக வேண்டும். சமத்துவம், சகோதரத்துவம் ஆகியன எந்தக் கட்சியின் உடைமையும் அல்ல. அரசியலமைப்பின் முகவுரையில் இடம்பெற்றவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலைத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்றும், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தை வெளியிட உதவ வேண்டும் என்றும் கூறுகிறது. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆகவே, குழந்தையைப் பேசவிடும் ஆசிரியர் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறார்.

தேர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது மூன்றாவது மறுப்பு. எட்டாம் வகுப்பு வரை மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி நிறுத்திவைக்க அரசுகளுக்கு இடமளித்தது. தேர்வில் தவறும் பிள்ளைகள் யாவர் என்பதை ஆசிரியர் ஆராய வேண்டியது இதனால் முன்னினும் இன்றியமையாததாகிறது. தவறியவர் அனைவரும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்கள் என்றால், தோல்வியடைந்தது பிள்ளைகள்தானா, கற்பித்த முறையா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோரும் பள்ளியும்

பள்ளியைச் சமத்துவத்தின் இடமாக்கும் பணியில் ஆசிரியர் தனித்து நிற்க வேண்டியதில்லை. ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் மதிய உணவு இதற்கு ஒரு சான்று. சென்னை மாகாணத்தில் 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கி, தமிழ்நாட்டில் 1982-இல் விரிவாக்கப்பட்ட இத்திட்டம், 2001-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் நாடெங்கும் பரவியது. பசியைப் போக்குவதோடு, சேர்ந்து உண்ணும் பழக்கத்தையும் அது ஏற்படுத்தியது. யார் சமைப்பது, யார் எங்கே அமர்வது என்ற பூசல்கள் எழும் இடங்களில், அந்த வரிசை கலையாமல் காப்பதும் ஆசிரியரின் பாடங்களுள் ஒன்றே.

பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு விதிக்கிறது. கூலிக்குச் செல்லும் தாய் வரக்கூடிய நேரத்தில் அக்குழுவின் கூட்டத்தை வைப்பதா, அவர் வர இயலாத நேரத்தில் வைத்துவிட்டுப் பின்னர் கையெழுத்து வாங்குவதா என்பது சிறு செய்திபோலத் தோன்றும். ஆனால் சட்டம் தந்த உரிமை உயிரோடிருக்கிறதா என்பது அந்தச் சிறு செய்தியில்தான் அடங்கியிருக்கிறது. கல்வி அலுவலர்களும் ஆய்வுக்கு வரும்போது பதிவேடுகளோடு இதனையும் கவனித்தல் நலம்.

பயிற்சிக் காலத்திலேயே தொடங்கலாம்

1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டன. தன் செயலைத் தானே ஆய்ந்து பார்க்கும் ஆசிரியர் உருவாக வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வலியுறுத்தியது. பிறருடைய வகுப்பை உற்றுநோக்கும் பயிற்சிக் காலம் இதற்கு ஏற்ற வாய்ப்பாகும்.

கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் மாணவ ஆசிரியர் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்திற்கு, தாம் நடத்தும் வகுப்பில் யாரிடம் எத்தனை வினாக்கள் கேட்டார், யாருக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார், யாரைப் பெயர் சொல்லி அழைத்தார், யாரை "ஏய்" என்று அழைத்தார், எந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தார் என்பவற்றை அன்றன்றே எழுதி வரலாம். வார இறுதியில், ஒரு முறைகூடப் பேசாத பிள்ளைகளின் பட்டியல் அவர் கையில் இருக்கும். அப்பட்டியலில் உள்ளோர் பெரும்பாலும் எந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர் என்பதையும் அவர் அறிந்துகொள்வார். அடுத்த வாரத்தின் பாடக்குறிப்பை அந்தப் பட்டியலிலிருந்தே அவர் தொடங்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வு நூற்றாண்டுகளாக வளர்ந்தது. ஓர் ஆசிரியரின் பணிக்காலத்தில் அது மறைந்துவிடாது. ஆயினும் ஏறத்தாழ முப்பதாண்டு பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் கையில் ஆயிரம் பிள்ளைகளாவது பயில்வார்கள். அவர்களுள் பேச அஞ்சியவர்கள் பேசவும், கேட்கப் பழகாதவர்கள் காரணம் கேட்கவும், கிடைத்ததை மட்டுமே ஏற்கப் பழகியவர்கள் தமக்குரியதை அறியவும் கற்றுக்கொள்வார்களாயின், அந்த ஆசிரியரின் உழைப்பு வீண்போனதாகாது. பணி நியமன ஆணை கைக்கு வரும் நாள் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பேட்டை இன்றே வாங்கிவிடலாம்.